சுகுணமாலாவுக்கு எடுத்த கோடி

சுகுணமாலா செத்துப்போய்விட்டாள் என்று டி.வி.யில் சொன்னபோது கொளஞ்சியப்பன் நம்பவில்லை. இதற்கு முன்பே இரண்டு தடவை அவளைச் சாகடித்திருக்கிறார்கள். கொரோனா வந்த வருஷத்தில் அவள் படத்துக்கு மாலை போட்டு, கீழே மெழுகுவர்த்தியை எரியவிட்டுப் போனுக்குப் போன் அனுப்பினார்கள். அதற்கடுத்த வருஷம் வேறு எந்த மாலாவோ செத்ததற்கு இவள் படத்தைப் போட்டார்கள். இரண்டு தடவையும் சோறு தண்ணி இறங்காமல் படுத்துக்கிடந்து, மறுநாள் பொய் என்று தெரிந்ததும் படம் போட்டவனின் வம்சத்தையே திட்டித் தீர்த்தவர் அவர். மூன்றாவது தடவையும் ஏமாற ஆளில்லை.

"கண்ணால பாக்காம நம்பமாட்டேன்" என்றார்.

"மெட்ராசுக்குப் போயி தொட்டுப் பாத்துட்டு வாயேன்" என்றாள் ருக்குமணி. அவள் சமையல்கட்டு வாசலில் சாக்கை விரித்து, கையில் எண்ணெய் தடவிக்கொண்டு பலாப்பழம் அறுத்துக்கொண்டிருந்தாள். வைகாசி மாசம். குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் நிற்கிற ஒற்றைப் பலாமரம் வருஷத்துக்கு முப்பது காய்க்குக் குறையாமல் காய்க்கும். குவார்ட்டர்ஸ் மகள் அன்புக்கரசிக்கு அலாட்டானது. கொளஞ்சியப்பன் நிலக்கரி மைன்ஸில் கான்ட்ராக்டாகவே நுழைந்து கான்ட்ராக்டாகவே வெளியே வந்தவர். பர்மனென்ட் ஆக்குகிறேன் என்று சொன்ன எவனையும் அவர் நம்பியதில்லை. அந்த விஷயத்தில் அவர் ஏமாறவும் இல்லை.

மகள் முதல் ஷிப்டுக்குப் போயிருந்தாள். காலை ஏழரைக்கே கரித்தூளோடு வெயில் உள்ளே வந்து உட்கார்ந்திருந்தது. டி.வி.யில் கண்ணாடிப் பெட்டியைக் காட்டினார்கள். கூட்டம் கொஞ்சம்தான். ஒரு கை மாலையை ஒதுக்கியது. முகம் தெரிந்தது.

கொளஞ்சியப்பன் எழுந்துபோய் டி.வி.க்கு ஒரு முழம் தள்ளி நின்று குனிந்து பார்த்தார். முகத்தைப் பார்க்கவில்லை. வயசானால் எல்லா முகமும் ஒன்றுதான். இடது புருவத்தைப் பார்த்தார்.

புருவம் நடுவில் அறுந்திருந்தது. நெல்லளவு இடத்தில் முடி இல்லை.

சுகுணமாலாவுக்கு இடது புருவம் அறுந்த புருவம் என்பது படம் பார்த்த யாருக்கும் தெரியாது. படத்தில் அதை மையால் நிரப்பிவிடுவார்கள். அவருக்குத் தெரியும். மேக்கப் கழுவிய முகத்தை இரண்டு முழத் தூரத்தில் நின்று பார்த்தவர் அவர்.

"செத்துத்தான் போயிட்டா" என்று சொல்லிவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துகொண்டார். ருக்குமணி எண்ணெய்க் கையோடு எழுந்துவந்து பக்கத்தில் நின்றாள்.

சுகுணமாலா அப்படியொன்றும் அழகி இல்லை. அதைக் கொளஞ்சியப்பனே ஒப்புக்கொள்வார். ஆட்டம் வராது, நாலு பேரோடு ஆடும்போது கால் ஒரு தட்டு பின்னால்தான் விழும். ஆனால் அவள் இடுப்பில் தண்ணீர்க் குடத்தை வைத்தால் உடம்பு ஒரு பக்கம் சாயும், கழுத்து நரம்பு புடைக்கும். மற்ற நடிகைகள் குடத்தை வைத்துக்கொண்டு துள்ளிக்கொண்டு வருவார்கள். வெறுங்குடம். கூலி வேலை செய்தவன் கண்ணுக்கு அது உடனே தெரிந்துவிடும். சுகுணமாலா சோற்றுப்பானையை இறக்கினால் பானைக்குள் சோறு இருந்தது. வயலில் கட்டு தூக்கினால் கட்டுக்கு உண்டான கனம் அவள் நடையில் இருந்தது.

இதைப் பற்றித்தான் அவருக்கும் அவர் அக்கா ஜானகியம்மாளுக்கும் அந்தக் காலத்தில் சண்டை. அவருக்குப் பன்னிரண்டு வயசு, அக்காவுக்குப் பதினேழு. முத்தாண்டிக்குப்பத்து டெண்ட் கொட்டாயில் மணலைக் குவித்து உட்கார்ந்து பார்ப்பார்கள். அக்கா முந்தானை முடிச்சில் வறுத்த முந்திரி இருக்கும். "பாருடா, கொடத்துல தண்ணி இருக்குது" என்பாள். "இல்லக்கா, ஏமாத்தறாங்க. வெறுங்கொடந்தான்" என்பார் இவர். சின்ன வயசிலேயே அப்படித்தான், எதையும் நம்பாத பிறவி. வீடு திரும்பும் மூன்று மைலுக்கும் அந்தக் குடத்தைப் பற்றிய பேச்சே நடந்துகொண்டிருக்கும். அவர்கள் நடந்த அந்தப் பாதையும் பிறந்த ஊரும் இப்போது மைன்ஸ் குழியாகிக் கிடக்கின்றன.

டி.வி.யில் ஒருத்தி பேசிக்கொண்டிருந்தாள். மறைந்த நடிகைக்கு உடன்பிறந்தவர்கள் யாரும் இல்லை, கடைசிக் காலத்தில் தனியாகவே வாழ்ந்தார், இன்று மாலை நான்கு மணிக்கு உடல் தகனம்.

கொளஞ்சியப்பன் நிமிர்ந்தார்.

"ருக்கு, எம் வெள்ள வேட்டிய எடு."

"எதுக்கு?"

"மெட்ராசு போறேன். கோடி போடணும்."

பெண் செத்தால் பிறந்த வீட்டுக் கோடி வராமல் பாடையில் ஏற்றமாட்டார்கள் இந்தப் பக்கத்தில். பெற்ற பிள்ளை பட்டே போட்டாலும், அண்ணனோ தம்பியோ கொண்டுவருகிற புதுச்சேலைதான் மேலே கிடக்கவேண்டும். அது வரும்வரை பறை அடித்துக்கொண்டே இருப்பார்கள். பிணத்தை வாசலில் போட்டபடி காத்திருப்பார்கள்.

ருக்குமணி பலாப்பழத்தின் பக்கம் போய் உட்கார்ந்தாள்.

"நீ என்னா அவளுக்குப் பொறந்தூடா?"

"என்ன தம்பின்னு கூப்ட்டாடி."

"ஒன்ன தம்பின்னு கூப்புட ஒருத்தி முத்தாண்டிக்குப்பத்துல முந்திரி ஒடச்சிக்கினு உக்காந்துருக்கா. முப்பத்தெட்டு வருசமா. நாளைக்கு அவ செத்தா கோடி எடுத்துக்கினு போவியா?"

"அவ என்ன வூட்டுப்படி ஏறாதன்னு சொன்னவ."

"எதுக்குச் சொன்னா? அவ பொண்ணு சடங்குக்கு ஊரே வந்து ஒக்காந்துருக்குது. தாய்மாமன் வரல. நான் மொத நாளே போயி அங்க உக்காந்துருந்தேன். ஒவ்வொரு பொம்பளையும் வந்து வந்து, ஒம் புருசன் எங்க, ஒம் புருசன் எங்கன்னு கேக்கறா. கடசீல பங்காளி வூட்டு ஆள வெச்சி மாலை போட்டாங்க. நீ என்னா பண்ணிக்கினு இருந்த? மைன்ஸுல சூட்டிங் பாத்துக்கினு இருந்த. கேட்டா ஓ.டி. போட்டான்னு பொய்யி. சீர் சேல எங்கன்னா தொலஞ்சிபோச்சின்ன."

அந்தக் கதையில் ருக்குமணிக்குத் தெரிந்தது பாதிதான். மீதிப் பாதியை அவர் இந்த முப்பத்தெட்டு வருஷத்தில் யாரிடமும் சொன்னதில்லை. தானே போய் வேட்டியை எடுத்துக் கட்டிக்கொண்டார்.

மெயின் பஜாரில் ஜமால் முகமதுவின் துணிக்கடை அப்போதுதான் திறந்திருந்தது. ஜமால் இவர் வயசுக்காரர்; மகன் அஃப்னானிடம் கடையை விட்டுவிட்டாலும் காலையில் வந்து கல்லாவுக்குப் பக்கத்தில் உட்காராவிட்டால் அவருக்கு மூச்சு முட்டும்.

"வாய்யா கொளஞ்சி. சேதி கேட்டேன். ராத்திரியே உசுரு போயிடுச்சாம்ல. எம் வூட்டுக்காரி பாயிஜா காலைல இருந்து அழுதுக்கினு கெடக்குறா."

"சேலை ஒண்ணு வேணும் பாய்."

"நல்லதுக்கா, கெட்டதுக்கா?"

எந்தத் துணிக்கடையிலும் கேட்பதுதான். நல்லதுக்கு என்றால் மஞ்சப்பையில் போட்டுக் கொடுப்பார் ஜமால். கெட்டதுக்கு என்றால் பேப்பரில் சுற்றி நூல் கட்டிக் கொடுப்பார். ஒருமுறை நூல் கட்டியதைத் திரும்பவும் அலமாரியில் வைக்கமாட்டார்.

"கெட்டதுக்கு."

"யாரு? ஒங்க அக்காவா?" ஜமால் எழுந்தே விட்டார்.

"யோவ், ஒன் வாயில... சுகுணமாலாவுக்கு."

ஜமால் மெல்ல உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சிரிக்கலாமா கூடாதா என்று அவருக்குத் தெரியவில்லை.

"அவங்க வூட்டு வாசல்ல போலீசு நிக்கும். ஒன்ன உள்ள வுடுவானா?"

"வுடலன்னா வாசல்ல வெச்சிட்டு வரேன். நீ சேலைய காட்டு."

அஃப்னான் நாலைந்து எடுத்துப் போட்டான். கொளஞ்சியப்பன் ஒவ்வொன்றின் முனையையும் விரலில் தேய்த்துப் பார்த்தார். சாயம் போகாது என்று அவன் சொன்னதை நம்பாமல் எச்சில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தார். கடைசியில் அரக்கு நிறத்தில் மஞ்சள் கரை போட்ட ஒன்றை இழுத்துத் தனியே வைத்தார்.

ஜமால் அந்தச் சேலையைப் பார்த்தார். அப்புறம் அவரைப் பார்த்தார்.

"எண்பத்தாறுல எங்க அத்தா கல்லாவுல உக்காந்துருந்தப்ப இதே அரக்கு, இதே மஞ்ச கரை எடுத்துக்கினு போன. அக்கா பொண்ணு சடங்குக்குன்னு. நாந்தான் மடிச்சிக் குடுத்தேன். அதுக்கப்புறம் அக்கா வூட்டுக்குன்னு நீ இந்தப் படி ஏறினதே இல்ல."

"நூலக் கட்டு பாய்" என்றார் கொளஞ்சியப்பன்.

பஸ் ஸ்டாண்டில் மெட்ராஸ் வண்டிக்கு இன்னும் நேரமிருந்தது. டீக்கடைப் பெஞ்சில் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கடைக்காரர் டி.வி.யை அவர்பக்கம் திருப்பி வைத்திருந்தார். பழைய படத்துப் பாட்டுகளாகப் போட்டுக்கொண்டிருந்தவர்கள் திடீரென்று நிறுத்திவிட்டு வாசலைக் காட்டினார்கள். வண்டி புறப்பட்டுக்கொண்டிருந்தது. வெயில் அதிகமாக இருப்பதால் நான்கு மணிக்கு என்றிருந்ததைப் பன்னிரண்டுக்கே மாற்றிவிட்டார்களாம்.

மணி ஒன்பதே முக்கால். பறந்து போனாலும் முடியாது.

"இத்தன பேரு இருக்கானுவ, ஒருத்தனுக்குக் கூடவா பொறந்தூட்டுக் கோடி வரல, சித்த பொறுங்கன்னு சொல்லத் தெரியல" என்றார் டீக்கடைக்காரரிடம்.

"எந்தப் பொறந்தூடுங்க?" என்றார் அவர்.

போன் அடித்தது. ருக்குமணி.

"பாத்தியா டி.வி.ய?"

"பாத்தேன். வரேன் வூட்டுக்கு."

"நீ வா. அந்தக் கோடிய வூட்டுக்குள்ள எடுத்துக்கினு வராத. பொண்ணு வேலைக்குப் போறவ, நல்லது கெட்டது இருக்குது."

"பின்ன எங்கடி போடறது இத?"

"அது ஒனக்குத்தான் தெரியும்" என்று வைத்துவிட்டாள்.

கொளஞ்சியப்பன் பொட்டலத்தைப் பார்த்தார். சாவுக்கென்று எடுத்த சேலை, சாவும் கைவிட்டுப்போய்விட்டது. கடைக்குத் திருப்ப முடியாது. வீட்டுக்குள் விடமாட்டாள். குப்பையில் போட அவருக்குக் கை வராது. மெட்ராஸ் வண்டி வந்து, நின்று, போனது. அதன் பின்னால் பண்ருட்டி டவுன்பஸ் நின்றுகொண்டிருந்தது. போர்டில் முத்தாண்டிக்குப்பம் வழி என்று எழுதியிருந்தது. அதில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் ஏறிவிட்டோம் என்பதே அவருக்கு உறைத்தது.

அக்கா வீட்டுத் தெரு முழுக்க முந்திரித்தோட்டின் எண்ணெய் வாடை. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் கீற்றுப் பந்தலுக்குக் கீழே பெண்கள் உட்கார்ந்து கொட்டை உடைத்துக்கொண்டிருந்தார்கள். கல்லின்மேல் கொட்டையை நிறுத்தி, கட்டையால் ஒரு தட்டு. பருப்பு முழுசாக வரவேண்டும். தட்டு கொஞ்சம் கூடினால் பாதியாகிவிடும். தோட்டின் எண்ணெய் பட்டால் தோல் வெந்து உரியும் என்று கையெல்லாம் சாம்பல் பூசியிருந்தார்கள்.

ஜானகியம்மாளுக்கு எழுபத்தைந்து வயசு. தட்டு மட்டும் தவறவில்லை. பக்கத்தில் அவள் மகள் தேவயானி. கட்டிக்கொடுத்தது அடுத்த தெருதான் என்பதால் பகலெல்லாம் அம்மாவோடு உட்கார்ந்து உடைப்பாள். ஐம்பத்தோரு வயசு, முன்நெற்றி முழுக்க நரைத்திருந்தது.

கொளஞ்சியப்பன் பந்தலின் விளிம்பில், வெயிலிலேயே நின்றார். அக்கா தலையைத் தூக்காமல் மகளிடம் பேசினாள்.

"பொறந்தூட்டுக்காரரு வந்துட்டாரு. எந்தச் சாவுக்கு வந்துருக்காருன்னு கேளு."

தேவயானி அவசரமாக எழுந்து பிளாஸ்டிக் நாற்காலியைத் தட்டிப் போட்டாள். "வாங்க மாமா. வெயில்ல நிக்காதீங்க. தண்ணி கொண்டாரவா?"

"தண்ணி குடுத்தா குடிப்பாரா, இல்ல அதையும் எவளாவது சினிமாக்காரிக்கு எடுத்துக்கினு ஓடுவாரான்னு கேட்டுக்கினு குடு" என்றாள் ஜானகியம்மாள். ஒரு தட்டு. பருப்பு முழுசாக விழுந்தது.

"நான் வரேன்னு எப்பிடித் தெரியும்?" என்றார் கொளஞ்சியப்பன்.

"ருக்கு சொன்னா. கோடியோட சுத்தறான், எங்கயாவது வெயில்ல வுழுந்து கெடப்பான், அங்க வந்தா ஒக்கார வையுங்கன்னா."

"அவ ஒன்னோட பேசறாளா?"

"பதினஞ்சி வருசமா வெள்ளிக்கெழம தவறாம பேசறா. ஒனக்கு சுகரு எத்தினின்னு எனக்குத் தெரியும்."

கொளஞ்சியப்பன் நாற்காலியில் உட்கார்ந்தார். சொந்த வீட்டுக்குள்ளேயே இப்படி ஒரு களவு நடந்திருக்கிறது. உலகத்தில் யாரையும் நம்பாமல் இருந்தவர், சந்தேகப்படவேண்டிய ஆளை மட்டும் விட்டிருக்கிறார்.

"எம் புருசன் செத்தன்னிக்கு வந்து தெருமொனையில புளியமரத்துக்கிட்ட நின்னுட்டுப் போனியே, அதுவும் தெரியும்" என்றாள் அக்கா. "உள்ள வந்தா வெட்டியா போட்டுருவேன்?"

அப்போதுதான் அவள் நிமிர்ந்தாள். கண் இரண்டும் சிவந்து வீங்கியிருந்தன.

"அழுதியாக்கா?"

"பொக."

கொட்டை வறுக்கிற அடுப்பைக் கொளஞ்சியப்பன் பார்த்தார். அது அன்றைக்கு மூட்டியிருக்கவே இல்லை. அவர் அதைச் சொல்லவில்லை. வேறொன்றைச் சொன்னார்.

"கூடையில கரி இருந்துதுக்கா."

"என்னா?"

"சுகுணமாலா தூக்கன கூடையில. நெசமாவே ரொம்ப கரி இருந்துது. நாந்தான் பக்கத்துல நின்னு பாத்தேன்."

கட்டை கல்லுக்கு மேலே நின்றது. அதற்குமேல் அதைக் கீழே விடாமல் அக்கா கேட்டாள். கொளஞ்சியப்பன் சொல்ல ஆரம்பித்தார். கோர்வையாகச் சொல்ல அவருக்கு வராது. மைன்ஸில் கரி ஓடுகிற பெல்ட்டுக்கு அடியில் சிந்திய கரியை வாருகிற மாதிரிதான் சொன்னார், கிடைத்ததை அள்ளி.

அன்றைக்கு அவர் மூன்றாவது ஷிப்ட் முடித்து வெளியே வருகிறார். சைக்கிள் ஹேண்டிலில் பை தொங்குகிறது. சேலையோடு வேலைக்கே வந்திருந்தார், முடித்ததும் நேராக அக்கா வீட்டுக்குப் போய்விடலாம் என்று. மணி ஆறரை. சடங்கு பத்து மணிக்கு. மேட்டில் சினிமா வண்டி நிற்கிறது. அஞ்சு நிமிஷம் பார்த்துவிட்டுப் போகலாம் என்று நின்றார்.

"புருசனத் தேடிக்கினு மைன்ஸுக்கு வந்து கூலி வேல செய்யற மாதிரி சீனு. கூடை தூக்கிக்கினு மேட்டுல ஏறணும். கூடைக்கு அடியில வைக்கோல வெச்சி மேலாக்க நாலு கரியத் தூவி வெச்சிருந்தானுவ. நான் பாத்தேன். நான் நெனச்சது சரிதான்னு இருந்துது எனக்கு. அவ வந்தா. கூடையத் தூக்கிப் பாத்தா. கீழ வெச்சிட்டா. இதத் தூக்கிக்கினு எனக்கு நடக்கத் தெரியாது, நெசக் கரியப் போடுங்கன்னுட்டா. நாந்தாங்க்கா போட்டேன். எங்கையால அள்ளிப் போட்டேன். போதுமான்னேன், இன்னும் ரெண்டு போடுப்பான்னா."

"அப்பறம்?"

"தூக்கிக்கினு நாலு எட்டு வெச்சா. பம்புத் தண்ணி ஓடி சேறாக் கெடந்த எடம். வழுக்கி வுழுந்துட்டா. கரிச்சேறு. வெள்ளச் சேல பூரா கறுப்பாயிடுச்சி. மூஞ்சியெல்லாம் சேறு. கழுவன பொறவு பாக்கறேன், எடது புருவம் அறுந்துருக்குது. வேற சேல இருக்கற பொட்டி வண்டி, பாஸ் இல்லாம கேட்டுலயே நிக்கிது. காலை வெளிச்சம் போவுது, வெயில் ஏறிட்டா எடுக்க முடியாதுன்னு டைரக்டரு கத்தறான். எல்லாம் அவளத் திட்டறானுவ, வைக்கோலோட தூக்கனா என்னான்னு. அவ கீழுதட்டக் கடிச்சிக்கினு நின்னா."

"அழறதுக்கு முன்னால அப்பிடித்தான் கடிப்பா" என்றாள் ஜானகியம்மாள்.

"எனக்குத் தாங்கலக்கா. ஓடிப்போயி சைக்கிள்ள இருந்து பையக் கொண்டாந்து குடுத்துட்டேன்."

தேவயானியின் கை நின்றுவிட்டது.

"எந்தப் பைய?" என்றாள் ஜானகியம்மாள்.

"சேலப் பைய. தேவயானிக்கு எடுத்தது. அவ பிரிச்சிப் பாத்தா. மொனையில ருக்கு மஞ்ச தடவி வெச்சிருந்தா. இது யாருக்கோ சீர் சேலையாச்சேன்னு கேட்டா. எங்கக்கா வூட்டுக்கு, பரவால்ல கட்டுங்கன்னேன். கொஞ்ச நேரம் என்னையே பாத்தா. அப்ப நானும் ஒனக்கு ஒரு அக்கான்னு வெச்சிக்கோ தம்பின்னா. முடிஞ்சதும் அவுத்துத் தரேன்னா. நாந்தான் வேணாம்னேன். ஒருதரம் ஒடம்புல கட்டனத எப்பிடி வாங்கறது? அப்பறம் பையப் பாக்கறேன். வெறும் பை. மணி ஒம்போது. தாய்மாமன் வெறுங்கையோட எப்பிடிக்கா வந்து நிக்கறது?"

பக்கத்து வீட்டுப் பந்தலில் கட்டைகள் தட்டிக்கொண்டிருந்த சத்தம் மட்டும் கேட்டது. ஜானகியம்மாள் கட்டையைக் கீழே வைத்தாள்.

"என்னா கலரு சேல?"

"அரக்கு."

"மஞ்ச கரையா?"

"மஞ்ச கரை."

"கூடையத் தூக்கிக்கினு மேட்டுல ஏறி வருவா. பாதியில நின்னு, கூடைய எறக்காம கழுத்த மட்டும் திருப்பி, கீழ பள்ளத்தப் பாப்பா."

"ஆமாம். அதுதான்."

"அடப்பாவி" என்றாள் ஜானகியம்மாள். "நாலு தரம் பாத்தேண்டா அந்தப் படத்த. ஒம்மேல இருந்த ஆத்திரத்துல சுகுணமாலா படமே பாக்கக்கூடாதுன்னு இருந்தேன். முடியல. இவளையும் கூட்டிக்கினு போவேன். அந்தச் சேலயப் பாத்துட்டு, இதே மாதிரி ஒண்ணு இவளுக்கு எடுக்கணும்னு பண்ருட்டி கடை பூரா ஏறி எறங்கனேன். கெடைக்கல."

முதலில் சிரித்தது தேவயானிதான். சாம்பல் கையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். "அப்ப எஞ்சேலையத்தான் கட்டிக்கினு நடிச்சிதா அது? எஞ்சேலையப் பாத்து நானே, எம்மாம் நல்லாருக்குதுன்னு ஆசப்பட்டுக்கினு உக்காந்துருந்தனா?"

"இத அன்னிக்கே வந்து சொல்லியிருந்தா என்னாடா?" என்றாள் ஜானகியம்மாள். இப்போது கண்ணில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது, புகை என்று சொல்லவில்லை. "சுகுணமாலா கட்டிக்கினா, அதான் இல்லன்னு வெறுங்கைய வீசிக்கினு வந்துருந்தா, இந்தத் தெருவே ஒன்ன தோள்ல தூக்கியிருக்கும். சீரு இல்லாம மாமன் வரக்கூடாதுன்னு ஒனக்கு எவன் சொன்னான்? மாமன் இல்லாமத்தாண்டா சடங்கு நடக்கக்கூடாது."

"நீ நம்பமாட்டன்னு நெனச்சேன்."

"ஒன்னாட்டம் ஆளா நானு? கொடத்துல தண்ணி இருக்குதுன்னு அப்பவே சொன்னவ. நீதான் வெறுங்கொடம் வெறுங்கொடம்னு மூணு மைலும் மென்னுக்கினு வருவ."

"தண்ணி இருந்துதுக்கா" என்றார் கொளஞ்சியப்பன். "நீ சொன்னதுதான் சரி."

அறுபது வருஷத்து வழக்கு அது. தீர்ப்பைக் கேட்டுக்கொண்டு ஜானகியம்மாள் மூக்கைச் சிந்தினாள். பிறகு அவர் மடியில் இருந்த பொட்டலத்தைக் காட்டினாள்.

"அத இங்க கொண்டா."

"வேணாங்க்கா. கெட்டதுக்குன்னு எடுத்தது."

"யார் மேல போத்தன?"

"யார் மேலயும் போத்தல."

"அப்ப அது சேலதான். கடக்காரன் கட்டன நூலுதான கெட்டது. அத அறுத்துப் போடு."

தேவயானி அரிவாள்மணையில் நூலை வைத்து அறுத்தாள். பேப்பரைப் பிரித்ததும் அரக்கு நிறம் பந்தலுக்குக் கீழே பளிச்சென்று தெரிந்தது. மஞ்சள் கரையைப் பார்த்துவிட்டு ஜானகியம்மாள் வாயை மூடிக்கொண்டாள். "உள்ள போயி கையக் கழுவிக்கினு மஞ்ச எடுத்தா" என்றாள் மகளிடம்.

தேவயானி சோப்புப் போட்டுக் கழுவியும் விரல்முனைக் கறுப்பு போகவில்லை. அந்த விரலாலேயே மஞ்சளைக் குழைத்துச் சேலையின் முனையில் தடவினாள். தடவிவிட்டு மாமனைப் பார்த்தாள். பதிமூன்று வயசில் அவரைப் பார்க்கவேண்டிய பார்வை அது. வந்து சேர இத்தனை நாளாகியிருக்கிறது.

"சேல சரி. மாலை எங்க மாமா?"

"அதானே" என்றாள் ஜானகியம்மாள். "அன்னிக்கு மாலையும் இல்ல, மாமனும் இல்ல. போடா, போயி வாங்கியா. நான் அதுக்குள்ள உளுந்து ஊறப் போடறேன். களி கிண்டலாம். ஒனக்கு சக்கரை இல்லாம."

கொளஞ்சியப்பன் எழுந்தார். முட்டி பிடித்துக்கொண்டது. உதறிவிட்டு நடந்தார். பஸ் நிறுத்தத்துக்கு எதிரில் ஒரு பெண் பூக்கடை போட்டிருந்தாள். ஈரச்சாக்குக்கு அடியில் மாலைகள் இருந்தன.

"மாலை ஒண்ணு குடும்மா."

"நல்லதுக்காங்க, கெட்டதுக்காங்க?"

"நல்லதுக்கு. மஞ்சத்தண்ணிக்கு."

"பேத்திங்களா?"

"அக்கா பொண்ணு."

பூக்காரி அவருடைய நரைத்த தலையை ஏற இறங்கப் பார்த்தாள். "பொண்ணுக்கு என்னா வயசுங்க?"

"அம்பத்தொண்ணு" என்றார் கொளஞ்சியப்பன். அவள் நீட்டிய ரோஜா மாலையை வாங்கி, உள்பக்கம் திருப்பி, வாடின பூ எதையாவது ஒளித்துக் கட்டியிருக்கிறாளா என்று ஒவ்வொரு கண்ணியாக விரல் விட்டுப் பார்த்தார். இல்லை. எல்லாம் அன்றைக்குப் பூத்த பூதான். ஆனாலும் முதலிலிருந்து இன்னொரு தடவை பார்த்துவிட்டு, மாலையை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, நடுவெயிலில் அக்கா வீட்டுத் தெருவுக்குள் நடந்தார்.